பஞ்சுப் பொட்டணி

இலங்கை மலைநாட்டு நோர்வூட் கடைத்தெருவில், பள்ளிவாசலை ஒட்டிய சந்தில் புகுந்து பாசி பிடித்த கல்படிகளில் ஏறினால், கடைசியில் நிற்கிற வீடு றுக்கையாவுடையது. கட்டியவர் அவள் புருஷன் இஸ்ஸதீன்தான். இருந்தாலும் அதை இஸ்ஸதீன் வீடு என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. மனுஷன் வீட்டில் இருந்தால்தானே சொல்வதற்கு? விடிந்ததும் துணிப் பொட்டணியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றுப் பாலத்தைத் தாண்டினாரென்றால், பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில்தான் திரும்பிப் படியேறுவார்.

இரண்டு பேரும் கம்பளைப் பக்கத்துக்காரர்கள். நாடு சுதந்திரம் வாங்கிய நாற்பத்தெட்டாம் வருஷம், சின்னப் பிள்ளையாயிருந்த முனாபையும் ஒரு தகரப் பெட்டியையும் பால் டின்னில் வைத்த மாதுளங் கன்றையும் தூக்கிக்கொண்டு இந்தக் குளிருக்குள் வந்து சேர்ந்தார்கள். கன்று றுக்கையாவின் உம்மா வீட்டுக் கொல்லையில் இருந்து பிடுங்கியது. "இந்தக் குளிருக்கு மாதுளையா?" என்று அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். றுக்கையா காதில் போட்டுக்கொள்ளாமல் குசினிக்குப் பின்னால் அதை ஊன்றினாள். மரம் வளர்ந்தது. வருஷா வருஷம் செக்கச் செவேலென்று பூக்கவும் செய்தது. பூத்த கையோடு மழை பிடித்துக்கொள்ளும். பூவெல்லாம் உதிர்ந்து சேற்றில் கிடக்கும். ஒரு பிஞ்சுகூட நின்றதில்லை.

இஸ்ஸதீனின் வியாபாரம் முழுக்கக் காலில்தான் இருந்தது. சீத்தைத் துணி, பிள்ளைகளுக்குச் சட்டைத் துணி, கல்யாணத்துக்கு ஒன்றிரண்டு நல்ல சேலை. இவ்வளவையும் ஒரு வெள்ளை வேட்டியில் கட்டி, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கிற லயம் லயமாக ஏறி இறங்குவார். தோட்டத்துச் சனங்கள் அவரைப் பொட்டணி நானா என்பார்கள். நாய்களுக்குக்கூட அவரைத் தெரியும். வழக்கத்துக்கு இரண்டு குரை குரைத்துவிட்டுப் படுத்துவிடும்.

இராத்திரிச் சோற்றுக்கு முன்னால் குசினி வாசலில் கால் நீட்டி உட்காருவார். றுக்கையா தேங்காய் துருவிக்கொண்டே கேட்பாள்.

"இண்டைக்கி என்ன?"

அவ்வளவுதான். மனுஷன் தொடங்கிவிடுவார். ஆற்றுக்கு அந்தப் பக்கமிருக்கிற அக்கரைத் தோட்டத்தைத்தான் அதிகம் சொல்வார். அங்கே மலை உச்சியில் மேல் லயம். அந்த லயத்தில் அழகம்மா என்று கொழுந்து பறிக்கிற ஒரு பொம்பிளை; அவள் சிரித்தால் ஆற்றைத் தாண்டிக் கேட்கும். தங்கச்சியை ராகலைப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறாள். பஸ் ஏறிப் போய்ப் பார்க்க வழியில்லை. ராகலையிலிருந்து வருகிற வியாபாரிகளிடம் இஸ்ஸதீன் விசாரித்து வந்து சொல்கிற சேதிதான் அக்காளுக்கும் தங்கச்சிக்கும் இடையில் ஓடிய பஸ். அப்புறம் பழனியாண்டிக் கங்காணி: காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற பெரட்டில் நின்று மலையே அதிரக் கத்துகிற மனுஷன், பெண்டாட்டி வளர்க்கிற வெள்ளைக் கோழியைக் கண்டால் ஒதுங்கி நடப்பாராம். யாருக்கு இந்தியாவுக்குப் போகக் கடுதாசி வந்தது, யார் வீட்டில் அழுகை, யார் வீட்டில் பிள்ளை. மேல் லயத்துக்கு ஏறுகிற வழியில் ஓர் இடத்தில் நின்று பார்த்தால், ஆறு மலைகளுக்குள் ஒளிந்து ஒளிந்து மூன்று துண்டாகத் தெரியும் என்பார். றுக்கையா துருவலை நிறுத்திவிட்டு அந்த மூன்று துண்டையும் பார்ப்பாள்.

அவள் பாலத்தைத் தாண்டியதே இல்லை. கடைத்தெருவுச் சோனகப் பெண்ணுக்கு அந்தக் காலத்தில் ஊர் என்றால் சந்துக்குள் இருக்கிற நாலு வீடு, குழாயடி, வருஷத்துக்கொரு தடவை கம்பளை. அதற்கு மேல் கேட்கக் கூடாதென்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. கேட்கலாமென்றும் சொல்லவில்லை. ஆசை இருந்தது. நெஞ்சு நிறைய இருந்தது. புருஷனுடைய இரண்டு காலைக் கொண்டு அவள் அத்தனை மலையும் ஏறி இறங்கினாள்.

அவர் சொல்லி முடித்தபின் இவள் வீட்டுக் கதையைச் சொல்வாள். மாதுளை பூத்ததை, வட்டிலப்பம் நடுவில் வெடித்ததை, முனாப் சட்டைப் பொத்தானைத் தொலைத்துவிட்டுப் பொய் சொன்னதை. இஸ்ஸதீன் சோற்றைப் பிசைந்துகொண்டு "ம்" கொட்டுவார். காதில் விழுந்ததோ இல்லையோ, றுக்கையா அதைப் பெரிதுபடுத்தியதில்லை. வாசலுக்குள் நடக்கிறதில் என்ன கதை இருக்கப் போகிறது?

அறுபத்தோராம் வருஷம் முழங்கால் பேச ஆரம்பித்தது. இறக்கத்தில் இறங்கும்போது ஒரு குத்து. காலையில் எழுந்தால் மரக்கட்டைபோல் ஒரு விறைப்பு. கொஞ்ச நேரம் நடந்தால் விட்டுவிடும். மடக்கி நிமிர்த்தினால் கறகறவென்று சத்தம். அவருக்கு ஐம்பது வயதுதான். அதே வருஷம் வாலிபனாகிவிட்ட முனாப் கடைத்தெருவில் சின்னதாக ஒரு துணிக்கடை போட்டான். நல்ல பிள்ளை. தகப்பன் பட்ட பாட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. முதல் வேலையாக ஹட்டனிலிருந்து கைவைத்த நாற்காலி ஒன்றை வாங்கிக் கல்லாவுக்குப் பக்கத்தில் போட்டான்.

"வாப்பா, நடந்தது போதும். இனி நீங்க இரிக்கணும். நான் பாக்கிறன்."

அன்றைக்குப் பிடித்தது சனியன். மகன் உட்காரச் சொன்னானென்று ஊரே உட்காரச் சொன்னது. தேத்தண்ணிக் கடைக்குப் போனால் ஒருவர் எழுந்து தான் உட்கார்ந்திருந்த வாங்கை விட்டுக்கொடுத்தார். முடி வெட்டப் போனால் முதல் ஆளாக உட்கார்த்தினார்கள். பள்ளிவாசலில் தொழுவதற்கு ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்கள். அவர் வாய் திறந்து கேட்டது ஒன்றுமில்லை. அன்பு. அன்பை எப்படி வேண்டாமென்பது? குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்பார்கள். இங்கே சொத்து மாளவில்லை, தொடைதான் மாண்டது. ஒரு வருஷத்துக்குள் சாரத்துக்குள்ளே கால் இரண்டும் குடைக்கம்பி மாதிரி ஆகிவிட்டன. வலி குறைந்ததா? கூடியது.

றுக்கையாவை வாட்டியது வலியில்லை, இராத்திரிதான். 

"இண்டைக்கி என்ன?"

"என்ன? நாலு பேர் வந்தாங்க. துணி வாங்கினாங்க. போனாங்க."

தேங்காய் துருவுகிற சத்தம் மட்டும் கேட்கும். அழகம்மா சிரித்தாளா, ராகலையிலிருந்து சேதி வந்ததா, வெள்ளைக் கோழி இருக்கிறதா செத்ததா, ஒன்றும் தெரியாது. ஆற்றின் மூன்று துண்டும் மூடுபனிக்குள் போய்விட்டன. பக்கத்து வீடுகளில் யாரும் சாகவில்லை. ஆனால் றுக்கையாவுக்கு ஒரு தோட்டமே செத்துப்போன மாதிரி இருந்தது. யாரிடம் சொல்லி அழுவாள்? பார்த்திராத மனுஷர்களை நினைத்து ஏங்குகிறேன் என்று சொன்னால் பைத்தியமென்பார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் இஸ்ஸதீனின் வலது முழங்கால் மடங்க மாட்டேனென்று நின்றுவிட்டது. முனாப் ஓடிப்போய் அக்கரைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் சரவணமுத்துவைக் கூட்டிவந்தான். யாழ்ப்பாணத்துக்காரர்; உலகச் சண்டைக் காலத்தில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர்; முகத்தில் எப்போதும் ஒரு கடுகடுப்பு. முழங்காலை அமுக்கினார், ஆட்டினார், தொடையைப் பிடித்துப் பார்த்தார். றுக்கையா அறைத் திரைக்குப் பின்னால் நின்றாள்.

"இது தேய்மானம். இப்பதான் தொடங்கியிருக்கு, பயப்பிட ஒண்டுமில்லை. ஆனா கதிரையில இருந்து இருந்துதான் உங்கட கால் இந்தக் கோலமாப் போச்சு. தொடையில சதை இல்லாட்டி முழங்கால் என்னெண்டு தாங்கும்? நடக்க வேணும்."

"நோவுது டொக்டர்," என்றார் இஸ்ஸதீன்.

"நோகும்தான். கொஞ்சம் நொந்தாப் பரவாயில்லை. அடுத்த நாளும் நோவு நிண்டா, வீங்கினா, தூரத்தைக் குறையுங்கோ. நிப்பாட்டிப் போடாதேங்கோ. முதல்ல சமதரை. பிறகு ஏத்தம். கதிரையில இருந்தாலும் காலை நேர நீட்டிப் பிடிச்சு இறக்குங்கோ, பட்டாளத்தில அதைத்தான் செய்விச்சவங்கள்."

எண்ணெய், ஒத்தடம், கட்டு என்று எதிர்பார்த்திருந்த முனாபுக்கு முகம் சுருங்கிவிட்டது. டிஸ்பென்சர் போனதும் முணுமுணுத்தான்: "நோவுற காலை நட எண்டு சொல்ற வைத்தியத்த இப்பதான் கேக்கிறன்."

திரைக்குப் பின்னால் நின்றவளுக்கோ, அடைத்திருந்த ஒரு ஜன்னலை யாரோ தள்ளித் திறந்த மாதிரி இருந்தது.

இரண்டு நாள் நச்சரித்து அவரைக் கிளப்பினாள். இஸ்ஸதீன் வெறுங்கையோடு பாலத்தைத் தாண்டித் தோட்டத்து ரோட்டில் நடந்தார். அங்கேதான் தப்பு நடந்தது. தோட்டமென்றால் துரையின் காணி. வேலையிருப்பவன் போகலாம், வியாபாரி போகலாம், சாவுக்கும் கல்யாணத்துக்கும் போகலாம். காலை ஆட்டுவதற்காக ஒருவன் நடப்பான் என்பதை அந்த மலையில் யாரும் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை. இராப்பகலாக ஏறி இறங்கிக் கால் ஓய்ந்த சனங்களுக்கு நடை ஒரு மருந்தென்று சொன்னால் சிரிக்க மாட்டார்களா?

"நானா, கோஹெத யன்னே?" என்று வழிமறித்தான் சிங்களக் காவல்காரன். எங்கே போகிறாய் என்று கேட்கிறான்.

"நிக்கங்," என்றார். சும்மா.

காவல்காரன் அவரை மேலும் கீழும் பார்த்தான். பொட்டணியைத் தேடினான். தெரிந்த மனுஷனாயிற்றே என்று விட்டுவிட்டான். ஆனால் சேதியை விடவில்லை. வெறுங்கை முழம் போடுமா? துணி வியாபாரி வெறுங்கையோடு நடந்தால் அதற்கு என்ன அர்த்தம்? மறுநாள் விடிவதற்குள் கடைத்தெருவில் மூன்று கதை. கடை முறிந்துவிட்டதாம். மகன் அடித்து விரட்டிவிட்டானாம். நானாவுக்குப் புத்தி கலங்கிவிட்டதாம். விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்து நாற்காலியில் உட்கார்த்திவிட்டுத்தான் போனார்கள்.

"இனி என்னால சும்மா நடக்க ஏலா, றுக்கையா. மானம் போகுது," என்று இஸ்ஸதீன் முடித்துவிட்டார். முனாப் தாயைப் பார்த்த பார்வையில் சூடு இருந்தது.

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட ஏலாது. றுக்கையாவும் மூடப் போகவில்லை. அவளுடைய வழி வேறு. ஒரு வாரம் பொறுத்தாள். அதன்பின் ஒரு நாள், பகல் சோற்றைத் தின்றுவிட்டு வாப்பாவுக்குரிய சோற்றை எடுத்துக்கொண்டு போக முனாப் கையை நீட்டினான். இவள் பீங்கானைக் கவிழ்த்து மூடினாள்.

"இனிச் சோறு கடைக்கி வராது. திங்கிற ஆள் வந்து திங்கட்டும்."

"உம்மா! அந்தப் படியில வாப்பா நாளைக்கி ரெண்டு தரம் ஏறுறதா?"

"ஏறத் தெரியாத மனுசனா அவர்?"

"ஒங்களுக்கு நெஞ்சில ஈரமே இல்லியா?"

ஈரம் இருந்தது. அவர் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறிவந்ததைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றபோது, அவளுக்குக் கண் நிறைந்து படியே தெரியாமல் போயிற்று. போய்த் தாங்கிப் பிடித்துவிடலாமென்று கால் துடித்தது. கதவுக் கொண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் வாசலுக்கு வந்ததும் ஒன்றுமே தெரியாதவள்போல், "கை கழுவுங்க, ஆறிப்போகுது," என்றாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் அவளைக் கல்நெஞ்சக்காரி என்றார்கள். இருக்கட்டும்.

சோறு தின்றதும் வீட்டு நாற்காலியில் டிஸ்பென்சர் சொன்ன வேலை. காலை நேராக நீட்டி, குல்ஹுவல்லாஹ் சூராவை ஓதி முடிக்கும் வரை பிடித்திருக்க வேண்டும். பிறகு இறக்க வேண்டும். அவர் வேகமாக ஓதித் தப்பப் பார்ப்பார். இவள் பக்கத்தில் நின்று, "அல்லாஹ்ட வசனத்தை இப்பிடியா ஓடி ஓடி ஓதுற?" என்று மறுபடி தொடங்க வைப்பாள். மெல்லப் பாயும் தண்ணீர் கல்லையும் உருவப் பாயும். மாசம் திரும்புவதற்குள் படியேறும்போது சுவரைத் தொடுவதை விட்டுவிட்டார். அதை அவர் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள், சொல்லவில்லை.

இனி மலை. மலைக்கு வெறுங்கையோடு போக முடியாது. பொட்டணி வேண்டும். உண்மையான பொட்டணியின் பாரத்தை அந்த முழங்கால் தாங்காது. றுக்கையா யோசித்தாள். கடைசியில் வீட்டிலிருந்த பெரிய இலவம்பஞ்சுத் தலையணையை எடுத்து, அதன் மேல் நாலைந்து சீத்தைத் துண்டைச் சுற்றி, பழைய வெள்ளை வேட்டியில் முடிந்து, அவர் கட்டுகிற அதே கட்டாகக் கட்டினாள். பார்த்தால் பழைய பொட்டணிதான். தூக்கினால் ஒரு குழந்தையின் கனம்கூட இல்லை.

இஸ்ஸதீன் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார். இந்த வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டே எத்தனை நாளாயிற்று.

"பஞ்ச வித்துட்டு வரச் சொல்றியா?"

"விக்கச் சொல்லல்ல. தூக்கிட்டு நடக்கச் சொல்றன். எங்க போறீங்கண்டு கேட்டாத் தோளைக் காட்டுங்க."

காவல்காரன் தோளைப் பார்த்தான், தலையை ஆட்டினான், வழி விட்டான். ஊர் அடங்கிவிட்டது. நானா வியாபாரத்துக்குத் திரும்பிவிட்டார், அவ்வளவுதான். முதலில் பாலம் வரை. அடுத்து ஆற்றோரச் சமதரையில் தேயிலைத் தொழிற்சாலை வரை. அதன்பின் கீழ் லயத்து முனை. எந்தக் காம்பரா வீட்டு வாசலிலும் நிற்காமல், அவசரமாகப் போகிறவர்போல் கையசைத்துவிட்டுத் திரும்பிவிடுவார். இராத்திரியில் றுக்கையா கேட்பாள். அவர், "நடந்தன், வந்தன்," என்பார். கால்கள் திரும்பி வந்துகொண்டிருந்தன, கதை வரவில்லை. பொய்ப் பொட்டணியோடு போகிறவர் யாரிடம் நின்று பேசுவார்?

இடையில் ஒரு தடவை மனுஷனுக்கு ஆசை மிஞ்சிவிட்டது. மேல் லயத்துப் பாதையில் பாதிவரை ஏறி, மழை வருகிறதென்று வேகமாக இறங்கிவிட்டார். இராத்திரிக்குள் முழங்கால் பப்பாளிப்பழம்போல் வீங்கிவிட்டது. முனாப் விடுவிடென்று படியிறங்கினான். நாற்காலியைக் கடையிலிருந்து தூக்கிவந்து வீட்டு நடுவில் வைத்தான். அதுவே போதும். அன்றைக்கு றுக்கையா தொழுகைப் பாயில் அழுதாள். யாருக்காக இவரை நடக்க வைக்கிறேன்? அவருடைய காலுக்காகவா, என் ஆசைக்காகவா? கதை கேட்கிற ஆசையில் மனுஷனை முடமாக்கிவிட்டேனோ?

மறுநாள் சரவணமுத்து வந்து பார்த்தார். திட்டுவாரென்று நினைத்தாள். அவர் இஸ்ஸதீனைத்தான் திட்டினார்.

"இறக்கத்தில ஓடச் சொன்னது ஆர்? வீக்கம் வத்தட்டும். வத்தினாப் பிறகு திரும்பவும் பாலம் வரை. பாதியாக் குறையுங்கோ, விட்டுப்போடாதேங்கோ. இறங்கேக்க ஒரு ஆளின்ர தோளைப் பிடியுங்கோ." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரையைப் பார்த்துச் சொன்னார்: "அம்மா, நீங்கள் செய்தது சரி."

அந்த ஒரு வார்த்தையில் அவள் மறுபடி எழுந்து நின்றாள். வீக்கம் வற்றியது. பாலம், தொழிற்சாலை, கீழ் லயம். மழைக்காலம் கழிந்து வெயில் வந்த ஒரு நாள் இஸ்ஸதீன் மெதுவாக, நின்று நின்று, மேல் லயத்துக்கே ஏறிவிட்டார்.

அன்றைக்கு இராத்திரி அவர் படியேறி வந்த சத்தமே வேறாயிருந்தது. றுக்கையா வாயைத் திறப்பதற்குள் குசினி வாசலில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டார்.

"இண்டைக்கி என்னண்டு கேளு!"

"இண்டைக்கி என்ன?" என்றாள்.

"மாட்டிக்கிட்டன்!"

கதை இதுதான். லயத்து முனையில் மூச்சு வாங்க நின்றிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை, பெண்களெல்லாம் வீட்டில். அழகம்மா கண்டுவிட்டாள். "ஐயோ, நம்ம நானா! உசிரோடதான் இருக்கீங்களா?" என்று ஓடிவந்து பொட்டணியைத் தோளிலிருந்து பிடுங்கினாள். பிடுங்கியவள் பின்னால் சாய்ந்து விழப் பார்த்தாள். பாரம் இருக்குமென்று இழுத்தவளாயிற்றே. எல்லாரும் சுற்றிக்கொள்ள, முடிச்சை அவிழ்த்தாள். சீத்தைத் துண்டுகளுக்குள்ளிருந்து தலையணை உருண்டது.

"நான் மண்ணப் பாத்துக்கிட்டு நிக்கிறன். என்னத்தச் சொல்ல? உள்ளதைச் சொல்லிட்டன். கால், டிஸ்பென்சர், நீ கட்டித் தந்த பொட்டணி, எல்லாம். அழகம்மா சிரிச்சா பாரு…"

அந்தச் சிரிப்பை அவர் சிரித்தே காட்டினார். பிறகு குரல் இறங்கியது. சிரித்து முடித்த அழகம்மா, தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, "துணி யாருக்கு வேணும் நானா? அது கடையில கெடக்கு. ராகலைல என் தங்கச்சி என்ன ஆனாள்னு ரெண்டு வருசமா எனக்குத் தெரியல. நீங்க வந்தாப் போதும். பஞ்சத் தூக்கிக்கிட்டு வாங்க, சும்மா வாங்க, எப்புடியாச்சும் வாங்க," என்றாளாம். பழனியாண்டிக் கங்காணி எழுந்து உட்காரச் சொன்னாராம். இவர் மாட்டேன் என்று நின்றபடியே பால் போடாத சாயத்தண்ணி குடித்தாராம். வெள்ளைக் கோழி செத்துப்போய், அதன் பேத்தி ஒன்று இப்போது கங்காணியைத் துரத்துகிறதாம்.

றுக்கையா சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள். கேட்கக் கேட்க அவளுக்குள் வேறொன்று எழுந்தது. இரண்டு வருஷமாக இந்தக் கதைக்காகத்தான் ஏங்கினோம் என்று நினைத்திருந்தாள். கதை இதோ வந்துவிட்டது. ஏக்கம் தீரவில்லை, இன்னும் பெரிதாகிவிட்டது.

தேங்காய் துருவியை எடுத்தாள். இஸ்ஸதீன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இறங்கேக்க ஒரு ஆள்ட தோளைப் பிடிக்கச் சொன்னார் டிஸ்பென்சர்," என்றார். "முனாபுக்குக் கடை இரிக்கிது. எனக்கு ஆரு இரிக்கிற?"

துருவி நின்றுவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, குடையை ஊன்றிக்கொண்டு, றுக்கையா பாலத்தைத் தாண்டக் கிளம்பினாள். கடைத்தெரு பார்த்தது. முனாப் கடைக்குள்ளிருந்து ஓடிவந்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். வாப்பா தோளில் இருந்த பொட்டணியையும் உம்மாவின் முகத்தையும் கண்டு, குடையை வாங்கி விரித்துக் கொடுத்தான்.

பாலத்தைத் தாண்டியதும் ஏற்றத்தில் மூச்சு முட்டியது அவளுக்குத்தான். அவர் நின்று நின்று காத்திருந்தார். ஓர் இடத்தில், "இங்க திரும்பிப் பாரு," என்றார். திரும்பினாள். ஆறு மூன்று துண்டாகத் தெரிந்தது. இத்தனை வருஷமாகக் குசினியில் இருந்து பார்த்த மூன்று துண்டு. பொய்யில்லை. அவள் விரலை நீட்டி ஒவ்வொன்றாக எண்ணினாள்.

லயம் கண்ணுக்குத் தெரியுமுன்னே ஒரு சிரிப்பு கேட்டது. "அழகம்மா," என்றாள் றுக்கையா, யாரும் சொல்லாமலே.

பெண்கள் வாசல்களிலிருந்து இறங்கி வந்தார்கள். றுக்கையாவுக்கு அத்தனை பேரையும் தெரியும். தன்னைத்தான் ஒருவருக்கும் தெரியாது என்று ஒதுங்கி நின்றாள். முன்னால் வந்த அழகம்மா, கொழுந்துக் கறை படிந்த கையால் அவள் கையைப் பிடித்தாள். முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"நீங்கதான் றுக்கையாம்மாவா? வாங்கம்மா. இப்பவும் வட்டிலப்பம் நடுவுல வெடிக்குதா?"

றுக்கையா திடுக்கிட்டுப் புருஷனைப் பார்த்தாள். அவர் பொட்டணியை இறக்கி வைப்பதில் மும்முரமாயிருந்தார்.

"பொத்தானத் தொலச்சுப்புட்டுப் பொய் சொன்ன புள்ள இப்ப கட வச்சிருக்காமே?" என்று இன்னொருத்தி பின்னாலிருந்து கேட்டாள்.

சோற்றைப் பிசைந்துகொண்டு "ம்" கொட்டிய மனுஷன், ஒவ்வொரு வார்த்தையையும் துணியோடு துணியாக மடித்து இந்த மலைக்குத் தூக்கி வந்திருக்கிறார். அவள் வாசலுக்குள் உட்கார்ந்து இவர்களை நினைத்து ஏங்கிய இராத்திரிகளில், இவர்களும் இங்கே சாயத்தண்ணி குடித்துக்கொண்டு அவள் வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவளுக்கு அழுகை வந்தது. அடக்க முயலவில்லை.

அழகம்மா அவள் கையை விடவில்லை. "அந்த மாதுள என்னம்மா ஆச்சு? இந்த வருசமாச்சும் காச்சிச்சா?"

"பூத்துச்சு," என்றாள் றுக்கையா. "நிக்கல்ல."

"நாங்களும் பேசிக்கிட்டோம், இந்த மழைக்கி எங்க நிக்கப் போவுதுன்னு." அழகம்மா உண்மையாகவே வருத்தப்பட்டாள். "போவட்டும். ஒன்னு காச்சாலும் நானாகிட்ட சொல்லி அனுப்புங்கம்மா."

"சொல்லி அனுப்ப மாட்டன்," என்றாள் றுக்கையா. "நானே கொண்டு வாறன்."